தாயும் சேயும் நலம்

தந்தி இருந்த காலத்து வாசகம் அது. சொல்லுக்குக் காசு என்பதால், சொல்ல வேண்டியதையெல்லாம் மூன்று சொற்களில் அடக்கி அனுப்பினார்கள். 2013-ஆம் ஆண்டோடு நம் நாட்டில் தந்தி நின்றுபோயிற்று. சொல்லுக்குக் காசு கேட்பார் எவருமில்லாத காலம் இது. ஆயினும் பிள்ளை பிறந்த வீட்டிலிருந்து கைப்பேசியில் வரும் செய்தி இன்றும் அதே மூன்று சொற்கள்தாம். கேட்டதும் "அல்ஹம்து லில்லாஹ்" என்று நா மொழிகிறது. அடுத்து, "என்ன பிள்ளை?" என்று கேட்கிறோம், அதன்பின் "எத்தனை கிலோ?", அதற்கும் பின் "யார் சாயல்?" தாயைப் பற்றிய விசாரணை அந்த முதற் சொல்லோடு முடிந்துவிடுகிறது.

நாமும் ஒரு நாள் அச்செய்தியை அனுப்பினோம். சில ஆண்டுகளுக்கு முன், நம் மூத்த மகள் தலைப்பிள்ளையைப் பெற்றெடுத்த நாள். ஊரின் பெயரும் மருத்துவமனையின் பெயரும் இங்கு வேண்டா. எவரையும் கூண்டிலேற்றுவது நம் நோக்கமன்று. வலி கண்டு பதினான்கு மணி நேரம் சென்றபின், குழந்தையின் இதயத் துடிப்புத் தளர்கிறது என்று கூறி அறுவை செய்து பிள்ளையை எடுத்தார்கள். எடுத்திராவிட்டால் இன்று அவன் இல்லை. ஒருவேளை அவளும் இல்லை. அந்த மருத்துவருக்காக நாம் அன்று கேட்ட துஆவை இன்றும் கேட்டுவருகிறோம். இதை முதலிலேயே சொல்லி வைப்பது நல்லது. பின்னால் சொல்லப்போவதை நன்றி மறந்தவர் பேச்சென்று எவரும் கொள்ளலாகாது.

எட்டு மாதங்கள் கழிந்தன. ஒரு மாலை, அஸர் தொழுதுவிட்டு முன்கட்டில் அமர்ந்திருந்தபோது, உள்ளே தாயும் மகளும் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. மகளின் நாத்தனார் உண்டாகியிருக்கும் செய்தி வந்திருந்த நேரம். எங்கே காட்டுவது என்று பேச்சு வந்ததும், "அங்கே மட்டும் வேண்டாம் உம்மா" என்றாள். ஏன் என்று தாய் கேட்க, அவள் சொல்லத் தொடங்கினாள். வாப்பாவிடம் சொல்லும் செய்தியன்று அது. பெண்களுக்குள் பேசப்பட்டுப் பெண்களுக்குள்ளேயே அடங்கிவிடும் செய்தி. நம்மில் ஆண்மக்கள் பலர் பேரப்பிள்ளைகளைக் கண்ட பின்னும் இவற்றை அறியாமலே மூப்படைவது இதனால்தான் போலும்.

அறுவை முடிந்த இரவு, உடனிருப்போர் எவருக்கும் உள்ளே அனுமதியில்லை. இடுப்புக்குக் கீழே மரத்துக் கிடந்தது. மேலே போர்த்தியிருந்த துணி விலகியிருந்தது. கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்ததால் இழுத்துவிட முடியவில்லை. கட்டிலைச் சுற்றித் திரை இருந்தது. இழுத்து மூட எவருக்கும் தோன்றவில்லை. ஆண் ஊழியர் ஒருவர் தள்ளுவண்டியோடு அவ்வழியே இருமுறை சென்றார். அவள் தண்ணீர் கேட்டாள். உடனே தரலாகாது என்பது அங்குள்ள விதியாக இருக்கலாம். இன்ன நேரம் வரை பொறுத்துக்கொள் என்று சொல்லியிருந்தால் பொறுத்திருப்பாள். "பேசாமல் படு" என்றார்கள். கீழே ஈரம் பரவுவதுபோல் இருக்கிறது, கொஞ்சம் பார்க்கிறீர்களா என்று கேட்டாள். "எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்" என்று விடை வந்தது. பின்னர் ஒருவர் வந்து, பால் சுரக்கிறதா என்று, ஒரு சொல்லும் சொல்லாமல் மார்பை அழுத்திப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அந்த இரவில் எவரும் அவளைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை. அவள் ஏழாம் நம்பர்.

தஹஜ்ஜுத் வேளை இருக்கும் என்றாள். தரை துடைக்க வந்த வயதான பெண் ஒருத்தி வாளியைக் கீழே வைத்து, ஈரக் கையைத் தன் சேலையில் துடைத்துக்கொண்டு, விலகிக் கிடந்த துணியை இழுத்துப் போர்த்தினாளாம். திரையையும் மூடினாளாம். "என்னம்மா, பயமா இருக்கா?" என்று கேட்டாளாம். இவள் ஈரத்தைப் பற்றிச் சொன்னதும் குனிந்து பார்த்தவள் வாளியை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். செவிலியர் வந்தார், பின் மருத்துவர் வந்தார், ஊசி போட்டார்கள், நெடுநேரம் அடிவயிற்றை அழுத்திப் பிடித்திருந்தார்கள். விடியுமுன் உதிரம் கட்டுப்பட்டது. அந்த நேரத்தில், நாம் அனுப்பிய மூன்று சொற்கள் ஏறத்தாழ நாற்பது வீடுகளுக்குச் சென்று சேர்ந்திருந்தன.

தாய் இவ்வளவையும் கேட்டுவிட்டு, "போகட்டும்மா, உயிர் பிழைச்சதே பெருசு. இதையெல்லாம் மனசுல வச்சுக்காதே" என்றாள். மகள் பேச்சை நிறுத்திக்கொண்டாள். முன்கட்டில் இருந்த நமக்கு அந்த மௌனம் உறுத்திற்று. தாய் சொன்னது ஆறுதல்தான். ஆனால் அதில் ஒரு தீர்ப்பும் இருந்தது. உயிரைப் பெற்றுக்கொண்டவள், அதைத் தந்த இடத்தின்மீது குறை சொல்லலாகாது என்ற தீர்ப்பு. அது சரிதானா?

கிணற்றில் தத்தளித்த ஒருவனைக் கரையேற்றியவன், அவனை ஆடையின்றிக் கடைத்தெருவில் நிறுத்திவிட்டுப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டால், "உயிரைத் தந்தேனே" என்பது விடையாகுமா? உயிரைத் தந்தது உண்மை. அதற்கு நன்றி உண்டு. ஆயுள் முழுதும் உண்டு. ஆனால் நன்றி என்பது பெற்றவர் தாமாக உவந்து கொடுப்பது. வாயடைக்கும் விலையாக அதைக் கேட்டு வாங்க முடியாது. வாங்கினால் அது நன்றியாக இராது, கப்பமாகிவிடும்.

மருத்துவமனையில் பணிபுரிவோர் பக்கம் ஒரு நியாயம் உண்டு. அதைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. இரவுப் பணியில் ஒரே செவிலியர், இருபது முப்பது கட்டில்கள், ஒரு கட்டிலில் வலிப்பு, மறு கட்டிலில் காய்ச்சல், மேலே இருப்பவரின் ஏச்சு, வீட்டில் தாயின்றி உறங்கும் தம் பிள்ளை. ஏழாம் கட்டிலின் அருகே நின்று இன்சொல் பேச அவருக்கு எங்கே நேரம்? அன்பை ஆணையிட்டு வரவழைக்க இயலுமா? இயலாதுதான். மனம் குளிரப் பேசுவது, தலையைத் தடவிக் கொடுப்பது, கூட ஒரு நாழிகை நிற்பது ஆகியவை இஹ்ஸான்; செய்தவருக்கு இறைவனிடம் கூலி உண்டு, செய்யாதவரைக் கடிந்துகொள்ள நமக்கு உரிமை இல்லை. ஆனால் இஹ்ஸான் வேறு, ஹக்கு வேறு. திரையை மூடுவது ஹக்கு. உடலைத் தொடுமுன் இன்னது செய்யப்போகிறேன் என்று சொல்வது ஹக்கு. கேட்ட கேள்விக்கு விடை சொல்வதும், பெயர் சொல்லி அழைப்பதும் அப்படியே. இவற்றுக்கு இளகிய மனம் தேவையில்லை, கூடுதலாக ஒரு பைசா செலவில்லை, பெரும்பாலும் கூடுதல் நேரமும் இல்லை. திரையை இழுக்க எவ்வளவு நேரம் ஆகிறது? ஹக்கை இஹ்ஸான் என்று நாம் தவறாக எண்ணிக்கொண்டதாலேயே, அது கிடைக்காதபோது நம் பெண்கள் கேட்கக் கூசுகிறார்கள்; கிடைத்தபோதோ பிச்சை பெற்றவர்போல் உருகுகிறார்கள். உயிரைக் காத்த மருத்துவரின் முகம் நம் மகளுக்கு நினைவில்லை. தரை துடைத்த அம்மாளின் முகத்தை அவள் மறக்கவில்லை.

உயிரைக் காப்பது மருத்துவம், மற்றதெல்லாம் உபசாரம் என்று பிரித்துப் பேசுவதும் வழக்கமாகிவிட்டது. இப்பிரிவினை உண்மையில் நிற்பதில்லை. பிள்ளைப்பேற்றுக்குப் பின் ஏற்படும் மிகையான உதிரப்போக்கு உலகெங்கும் தாய்மார் இறப்பதற்கான முதன்மைக் காரணங்களுள் ஒன்று. ஆண்டுதோறும் பல்லாயிரம் பெண்கள் இதனால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இவ்விறப்புகளில் பெரும்பாலானவை பிள்ளை பிறந்த 24 மணி நேரத்துக்குள் நேர்பவை. அந்த ஈரத்தை முதலில் உணர்பவள் யார்? கட்டிலில் கிடப்பவளே. அவள் சொல்லை மதித்துக் கேட்பது உபசாரமா, மருத்துவமா?

வியன்னா நகரத்து வரலாறு ஒன்று உண்டு. 1840-களில் அங்குள்ள பெரிய பொது மருத்துவமனையில் மகப்பேற்றுக்கென இரு பிரிவுகள் இருந்தன. முதற் பிரிவில் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும், இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகளும் பணிபுரிந்தனர். 1841 முதல் 1846 வரை முதற் பிரிவில் நூற்றுக்கு ஏறத்தாழ பத்துத் தாய்மார் காய்ச்சல் கண்டு இறந்தனர்; இரண்டாம் பிரிவில் நால்வர். எந்த நாளில் எந்தப் பிரிவில் சேர்ப்பார்கள் என்பது முறை வைத்து மாறும். ஏழைப் பெண்கள் அம்முறையை அறிந்து வைத்திருந்தார்கள். முதற் பிரிவில் சேர்க்க வேண்டாமென்று மண்டியிட்டு மன்றாடினார்கள். சிலர் தெருவிலேயே பெற்றெடுத்துவிட்டு உள்ளே வந்தார்கள். கற்றவர்கள் காற்றின் கேடு என்றும் பெண்களின் அச்சம் என்றும் காரணம் தேடிக்கொண்டிருந்தனர். இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் மருத்துவரே, பிண அறுவைக் கூடத்திலிருந்து நேரே வரும் கைகளே இம்மரணத்தைக் கொண்டுவருகின்றன என்று கண்டு, 1847-ல் குளோரின் கலந்த சுண்ண நீரில் கைகழுவச் செய்தார். அடுத்த ஆண்டில் இறப்பு நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே இறங்கிற்று. சக மருத்துவர் பலர் அவரை ஏற்கவில்லை. 1865-ல் மனநோயாளர் விடுதியில் இறந்தார். இவ்வரலாற்றை மருத்துவ மேதை ஒருவரின் கதையாகவே எழுதுகிறார்கள். நமக்கோ, மண்டியிட்ட அந்தப் பெண்கள் கண்ணிலிருந்து அகல மறுக்கிறார்கள். கிருமியை அவர்கள் அறியார். ஆயினும் எங்கே மரணம் இருக்கிறது என்பதை அவர்களே முதலில் அறிந்து சொன்னார்கள். கேட்பார்தாம் இல்லை.

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் சென்னையிலேயே ஒரு சான்று நிற்கிறது. திருவல்லிக்கேணியில் உள்ள அரசு மகளிர் மருத்துவமனைக்குக் கஸ்தூரிபா காந்தியின் பெயர் சூட்டிப் பல்லாண்டுகள் ஆகியும், பழையவர்கள் இன்னும் அதைக் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள். மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலப் பெண்மணி, கணவரோடு சென்னைக்கு வந்தவர், ஆண் மருத்துவரிடம் போக நாணி இங்குள்ள பெண்கள் பிள்ளைப்பேற்றில் மாண்டுபோவதைக் கேள்வியுற்றார். 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து கற்றார். 1885-ல் அம்மருத்துவமனை தொடங்கியது. கோஷாப் பெண்களுக்கென்று, பெண்களே மருத்துவம் பார்க்கும் இடமாக அது எழுந்தது. நாணத்தை விட்டுவிட்டு வா, உயிரைத் தருகிறேன் என்று அப்பெண்மணி சொல்லவில்லை. நாணத்தோடே வா என்றார். மானம் வேறு உயிர் வேறு என்று அவர் பிரித்திருந்தால், நம் பாட்டிமார் பலர் வீட்டு இருட்டறையிலேயே கிடந்து மடிந்திருப்பார்கள்.

பெண்களை மருத்துவமனைக்குக் கொண்டுவரும் அந்தப் போராட்டம் முடிந்துவிட்டது. 2019–21 குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் ஆயிரத்துக்கு 996 பிள்ளைகள் மருத்துவமனைகளிலேயே பிறக்கின்றன. இருட்டறைக் காலத்துக்குத் திரும்பவேண்டும் என்று எவரேனும் சொன்னால் அது பேதைமை. அக்காலத்தில் செத்தவர்களை நாம் எண்ணி வைக்கவில்லை, அவ்வளவே. எஞ்சியிருப்பது, உள்ளே வந்துவிட்டவளை எப்படி நடத்துகிறோம் என்பதே. இதையும் உலகம் கவனியாமல் இல்லை. தமிழக அரசு மருத்துவமனைகளில் பிரசவ வேளையில் ஒரு பெண்துணை உடனிருக்கும் ஏற்பாடு 2004-லேயே வந்தது. மகப்பேற்றின்போது பெண்களை இழிவாக நடத்துவதை ஒழிக்கவேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2014-ல் அறிக்கை வெளியிட்டது. அறிக்கைகள் நல்லவையே. ஆனால் இரவு மூன்று மணிக்கு ஏழாம் கட்டிலின் திரையை அறிக்கை வந்து இழுத்துவிடாது.

குறை சொல்லலாமா என்ற கேள்விக்கு வருவோம். திருமறையில் அன்னை மர்யம் (அலை) அவர்களின் பெயரால் அமைந்த அத்தியாயத்தை நம் இல்லங்களில் கருவுற்ற பெண்கள் விரும்பி ஓதுவர். பேற்று வலி அவர்களை ஒரு பேரீச்ச மரத்தடிக்குக் கொண்டுசேர்க்கிறது. இதற்கு முன்பே இறந்து, நினைவிலிருந்தே நீங்கிப்போயிருக்கக் கூடாதா என்று அவர்கள் ஏங்குகிறார்கள். ஒரு நபியைப் பெறும் பேறு வாய்த்த வேளை அது. அவ்வேளையில் வந்த அப்புலம்பலை இறைமறை மறைக்கவில்லை, கண்டிக்கவுமில்லை. அடுத்து வரும் குரலை நாம் பலமுறை ஓதியிருக்கிறோம், வரிசையைக் கவனித்திருக்கிறோமா? கவலை வேண்டாம் என்ற ஆறுதல் முதலில். பின், காலடியில் ஓடும் நீர். பின், மரத்தை அசைத்தால் உதிரும் கனிந்த பழம். உண்டு, பருகி, கண் குளிர்ந்திருக்கும்படி ஓர் அனுமதி. கடைசியில், வருவோர் போவோருக்கெல்லாம் விடை சொல்லும் சுமையிலிருந்து அன்று ஒரு நாள் விடுதலை. எவ்வளவு பெரிய பிள்ளையைப் பெற்றிருக்கிறாய், நன்றி செலுத்தாமல் அழலாமா என்று அக்குரல் கேட்கவில்லை. அவ்வாறு கேட்டவர்கள் நாம்.

ஆம், நாமேதான். மருத்துவமனையைப் பற்றி இவ்வளவு எழுதிய பின், நம் வீட்டுக் கணக்கையும் பார்க்க வேண்டாமா? அறுவை நடந்த மறுநாள் மாலை அவள் அறையில் ஒரே நேரத்தில் பதினொரு பேர் இருந்தோம். எண்ணிப் பார்த்ததால் தெரியும். இனிப்புப் பெட்டி கைமாறிற்று. பிள்ளை கைமாறிற்று. மாமனார் உறவில் பெரியவர் ஒருவர் வந்தபோது, எழுந்து உட்கார்ந்து தலையை மூடிக்கொண்டு ஸலாம் சொல்லும்படி அவளிடம் கூறியது வேறு யாருமல்லர், நாம்தான். தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் எழுந்தாள். பிள்ளை பாலுக்கு அழுதது. பெரியவர் அரசியல் பேசிக்கொண்டிருந்தார். அவர் போகும்வரை அவள் காத்திருந்தாள், பிள்ளையும் காத்திருந்தது. அங்கேயும் ஒரு திரை இருந்தது. இழுத்துவிட நமக்குத் தோன்றவில்லை. குழந்தையைக் காட்ட ஆண்பிள்ளை என்று கூடுதலாகப் பணம் கேட்ட ஆயாவுக்குச் சிரித்துக்கொண்டே கொடுத்தவர்களும் நாமே. பெண்பிள்ளையாக இருந்திருந்தால் ஆயா குறைத்துக் கேட்டிருப்பார். அந்தக் கணக்கை அவர் எங்கிருந்து கற்றார்?

வீட்டுக்கு வந்த பின்னும் இதே நிலைதான். பெற்றவளுக்கு மார்க்கம் நிஃபாஸ் காலம் வகுத்திருக்கிறது. ஹனஃபி மத்ஹபில் நாற்பது நாள் வரை, ஷாஃபிஈ மத்ஹபில் அறுபது நாள் வரை. அந்நாட்களில் தொழுகை அவள்மீது இல்லை. விடுபட்ட நோன்பைப் பின்னால் நோற்கவேண்டும், தொழுகையையோ திருப்பித் தொழவும் வேண்டியதில்லை. தொழுகையையே அவள் தோளிலிருந்து இறக்கி வைத்திருக்கும்போது, ஏழாம் நாள் அகீகா விருந்துக்கு வந்தவர்களை வாசல்வரை வந்து வழியனுப்பும் கடமையை அவள்மீது ஏற்றியது யார்? இரவில் காரணமின்றி அவள் அழுதபோது, "நாங்க பெறாத பிள்ளையா?" என்று கேட்ட மூதாட்டியரை நாம் தடுக்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அவர்கள் அழுதபோதும் எவரோ அப்படித்தான் கேட்டிருப்பார்கள்.

அந்த மாலை பேச்சு நின்றதும் நாம் எழுந்து உள்ளே சென்றோம். என்ன சொல்வதென்று தெரியவில்லை. மகள் திடுக்கிட்டுத் தலைத்துணியைச் சரிசெய்தாள். "அந்தத் தரை துடைத்த அம்மா பேர் என்ன, கேட்டியா?" என்றோம். "கேட்கலையே வாப்பா" என்றாள். அதன்பின் இரண்டு முறை அந்த மருத்துவமனைக்குச் சென்று விசாரித்தோம். இரவுப் பணியில் ஆள் மாறிக்கொண்டே இருக்கும் என்றார்கள்; ஒப்பந்தக்காரரைக் கேட்கச் சொன்னார்கள்; அவரிடம் பெயர்ப் பட்டியல் இருந்தது, முகம் தெரிந்தவர் இல்லை.

சென்ற மாதம் நம் தம்பி மகன் பேசினான். குரலில் மகிழ்ச்சி பொங்கிற்று. "பெரியத்தா, தாயும் சேயும் நலம்" என்றான். அல்ஹம்து லில்லாஹ் என்றோம். என்ன பிள்ளை என்று நாம் கேட்பதற்காக அவன் காத்திருந்தான். "புள்ளத்தாச்சி எப்படி இருக்கா? தண்ணி கொடுத்தாங்களா? பக்கத்துல யார் இருக்காங்க?" என்று கேட்டோம். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. "தெரியலை பெரியத்தா, உள்ளே போய்க் கேட்டுட்டு வர்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டான்.